தெரு உயர வீடு தாழும்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேற்கே, ஏரிகளுக்கு நடுவே மனை பிரித்து உருவான ஒரு புறநகர்க் குடியிருப்பில் 1994-ஆம் ஆண்டு நாங்கள் வீடு கட்டினோம். அன்றைய மண் சாலையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பேஸ்மட்டம் எழுப்பி, வாசலில் ஐந்து படிகள் வைத்தோம். இன்று அவற்றில் இரண்டு படிகள்தான் வெளியே தெரிகின்றன. வீடு அமிழவில்லை, கடைக்காலில் ஒரு குறையும் இல்லை. சாலைதான் உயர்ந்திருக்கிறது. அது உயர்ந்தபோதெல்லாம் தெருத் தண்ணீர் உள்ளே வந்து தேங்காதிருக்க முன்வாசலில் மண் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்தன.

புறநகரில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் வீட்டு வரியையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுத் தரை சாலையைவிட இன்று எத்தனை அங்குலம் உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. வீட்டுப் பத்திரத்துக்கு அடுத்தபடியாக ஒரு வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டியது அந்த எண்தான் என்பது என் உறுதியான கருத்து. நாம் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமலேயே அது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டு வரும்; அப்படிக் குறைந்திருப்பது மழையன்றுதான் தெரியவரும்.

சாலை எப்படி உயர்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது, எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் வால்வு பொருத்துவதற்காகக் கேட்டுக்கு வெளியே பள்ளம் தோண்டியபோது. வெட்டிய பக்கத்தில் சாலையின் முழுக் கதையும் தெரிந்தது. அடியில் பழைய செம்மண் கிராவல், அதன்மேல் பெருஞ்ஜல்லி, அதற்கும் மேலே பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தது போலத் தார் அடுக்குகள். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு நீல நிறப் பால் பாக்கெட் உறை, எழுத்துகூட அழியாமல், நசுங்கிக் கிடந்தது. பழைய சாலையைச் சுரண்டவும் இல்லை, பெருக்கவும் இல்லை, அப்படியே மேலே தாரைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. உட்புறத் தெருக்களில் ஒரு தார் அடுக்கு பொதுவாக 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை இருக்கும். சிமென்ட் சாலை என்றால் ஒரே தடவையில் அரையடிக்கு மேல் உயர்ந்துவிடும். அதனால் சிமென்ட் சாலை வரப்போகிறது என்ற செய்தியை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாமல், எந்த மட்டத்தில் வரப்போகிறது என்பதை அன்றே விசாரித்துவிட வேண்டும்.

பழைய அடுக்கை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்பதில் இப்போது கருத்து வேறுபாடே இல்லை. 2021-ஆம் ஆண்டு அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதை அரசுத் துறைகளுக்கு எழுத்து மூலமாகவே அறிவுறுத்தினார். மில்லிங் என்று எல்லோரும் சொல்லும் வேலை இதுதான். ஆனால் அறிவுறுத்தல் இருப்பதும், நம் தெருவுக்கு அந்த இயந்திரம் வந்து சேர்வதும் ஒன்றல்ல. நடுவில் தெருக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்த வேலை அளப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். அரை அங்குல விட்டமுள்ள, உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய் பதினைந்து மீட்டர் அளவுக்கு வாங்கி, தண்ணீரை நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் அளவு தப்பிவிடும். ஒரு முனையை வாசற்படியின் மேல்மட்டத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சாலையின் நடுவில் நிறுத்திய ஒரு கம்போடு சேர்த்துப் பிடித்தால், நீர் ஆடி நின்றபின் இரு முனைகளிலும் ஒரே மட்டம் காட்டும். கம்பில் அந்த இடத்துக்கும் சாலைக்கும் உள்ள தூரம்தான் நம் எண். சாலையின் ஓரத்தில் அளக்கக் கூடாது, நடுமேட்டில் அளக்க வேண்டும். சாலை நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிவதால், ஓரத்தில் அளந்தால் நம் வீடு உண்மையைவிட உயரமாக இருப்பது போலத் தோன்றும்.

எங்கள் வீட்டுக்கு வந்த எண் பதினான்கு அங்குலம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றியுள்ள நிலத்திலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் பேஸ்மட்டம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு காலத்தில் அதைப் போல இரு மடங்கு உயரத்தில் நின்ற வீடு இன்று அதற்கும் கீழே வந்துவிட்டது. ஆனாலும் ஓரடிக்கு மேல் இருக்கிறதே என்று மனம் சமாதானம் அடைந்தது. அப்போது குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த கொத்தனார், "அம்மா, உங்க கேட்டுக்கு எதுத்தாப்புல அளந்து பிரயோஜனம் இல்ல. தெருத் தண்ணி எங்க வெளிய போவுதோ அங்க அளக்கணும்" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட மிக உருப்படியான வார்த்தை அது.

எங்கள் தெருவில் விழும் மழைநீர் கிழக்கு முனைக்குப் போய், அங்கே குறுக்கே செல்லும் பெரிய சாலையை ஒட்டிய வடிகாலில் சேர வேண்டும். தெருவின் மதில் தூண்களில் மட்டத்தைக் குறித்துக்கொண்டே, ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு அந்த மட்டத்தைக் கடத்தி, முனைவரை அளந்தோம். அங்கே பெரிய சாலை எங்கள் கேட்டுக்கு முன்னால் உள்ள சாலையைவிட ஒன்பது அங்குலம் உயரத்தில் இருந்தது. வடிகாலின் நீர் நுழையும் வாயும் அந்த உயரத்தோடு சேர்ந்தே கட்டப்பட்டிருந்தது. ஆகவே எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒன்பது அங்குலம் தண்ணீர் நின்ற பிறகுதான் ஒரு சொட்டு நீராவது தெருவை விட்டு வெளியேறத் தொடங்கும். பதினான்கில் ஒன்பது போக, எங்களுக்கு மிஞ்சிய உண்மையான பாதுகாப்பு ஐந்து அங்குலம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏன் அவ்வளவு வேகமாக வாசற்படியை நெருங்கியது என்பதும், மழை விட்ட பிறகும் ஏன் வடியாமல் நின்றது என்பதும் அன்று அளந்தபோதுதான் விளங்கியது.

இந்தப் பகுதியின் நீர்வழியையும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஓரளவு தெரிந்து வைத்திருப்பது நல்லது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, பின் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கமாகக் கடலுக்கு என்பது வழி. இந்தச் சங்கிலியில் எங்கே அடைத்தாலும், கடல் ஏற்றத்தில் இருந்தாலும், மேலே இருக்கும் தெருக்களில் நீர் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழையை எந்தத் தெருவும் தன் முயற்சியால் சமாளித்துவிட முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண ஐப்பசி மழைக்கே வீட்டுக்குள் நீர் வருகிறது என்றால், பெரும்பாலும் காரணம் வானத்தில் இல்லை. தெருவின் மட்டத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது புரியும்.

அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, படங்களோடு வைத்துக்கொண்டோம். எங்கள் மதில் தூணில் வாசற்படி மட்டத்தை உளியால் ஒரு கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறோம். வர்ணம் அடித்தால் மறைந்துவிடும், உளிக்கோடு மறையாது. "தெருவை உயர்த்திவிட்டார்கள்" என்று வாயால் சொல்லும் புகாருக்கும், "இந்தத் தேதியில் இவ்வளவு இருந்தது, இன்று இவ்வளவு இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கும் மனுவுக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல என்பதை நான் நேரில் பார்த்தேன். பொறியாளர்கள் எண்ணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். எண்ணைக் கொடுத்தால் பேச்சு உடனே வேலையைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

சாலை போடுவதற்கு முன்பே கேட்பதுதான் முக்கியம். தார் கொட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு விண்ணப்பத்தில், நம் தெருச் சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகலைக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் சுரண்டவில்லை?" என்ற மாதிரிக் கேள்விகளை எழுதக் கூடாது, அவற்றுக்குத் தகவல் இல்லை என்று பதில் வந்துவிடும். மதிப்பீட்டில் மில்லிங் இடம் பெற்றிருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்கு, புதிய அடுக்கின் கனம் என்ன, பணி முடிந்தபின் சாலை மட்டம் என்னவாக இருக்கும் என்று ஆவணத்தில் இருக்கக்கூடியவற்றை மட்டும் கேட்க வேண்டும். எங்கள் தெருவுக்கான மதிப்பீட்டில் மில்லிங் இருந்தது. அந்த நகல் கையில் இருந்ததால்தான், இயந்திரம் இல்லாமல் வேலையைத் தொடங்க வந்தவர்களிடம் எதிர்வீட்டுப் பெரியவர், "எஸ்டிமேட்ல இருக்குற வேலையைச் செய்யுங்க தம்பி, அதுக்கு மேல நாங்க எதுவும் கேக்கல" என்று நிதானமாகச் சொல்ல முடிந்தது. மேற்பார்வையாளர் யாரிடமோ தொலைபேசியில் பேசினார், வேலை தள்ளிப்போனது, பிறகு இயந்திரத்தோடு வந்தார்கள். தெருவின் பெரும்பகுதி பழைய மட்டத்திலேயே நின்றது. கிழக்கு முனை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் அந்தப் பெரிய சாலை வேறொரு துறையின் பொறுப்பு. அந்தத் துறைக்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம். வடிகாலின் வாயையாவது தாழ்த்திக் கட்டித் தரும்படி கேட்டிருக்கிறோம். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணை மனுவில் குறிப்பிடுவது நல்லது.

இங்கே வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாலை உயர்ந்ததும் ஒவ்வொருவரும் கார் ஏற்றுவதற்காகக் கேட்டுக்கு வெளியே சிமென்ட் சரிவு போடுகிறார்கள். தெருவின் ஓரத்தில் நீர் ஓட வேண்டிய பாதை அதோடு அடைபடுகிறது. ஒரு வீட்டின் சரிவு அடுத்த வீட்டுக்கு அணையாகிவிடுகிறது. எங்கள் தெருவில் வடிகாலின் மூன்று வாய்கள் இப்படிச் சரிவுக்கு அடியில் போயிருந்தன. சரிவு மதிலுக்கு உள்ளேதான் வர வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. உள்ளே இடம் போதாது என்பவர்கள் கேட்டைச் சற்று உள்வாங்கி வைக்கலாம். அதுவும் முடியாதென்றால் எடுத்து வைக்கக்கூடிய இரும்புச் சட்டச் சரிவு பட்டறைகளில் செய்து தருகிறார்கள். அரசு அலுவலகத்தில் மட்டம் பற்றிக் கேட்கும் உரிமை, தெருவின் ஓரத்தை நாம் விட்டுக்கொடுத்திருந்தால்தான் நமக்கு இருக்கும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவற்றில் முதலாவது கழிவுநீர்க் குழாய். வெள்ளம் வாசற்படியைத் தாண்டுவதற்கு வெகு முன்பே, நிரம்பிய பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவுநீர் பின்னோக்கி வந்து, தரைத்தளக் குளியலறையின் நீர் போகும் துளை வழியாக மேலே வரும். சுத்தமான மழைநீர் வந்தால் துடைத்துவிடலாம். இது வந்தால் பாய், மெத்தை, மர அலமாரியின் அடிப்பகுதி எல்லாம் போய்விடும். வெளியேறும் சேம்பரில் ஒருவழி வால்வு பொருத்துவதுதான் இதற்குத் தீர்வு. ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், அதைத் திறந்து கழுவி, மூடி தடையின்றி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைமுடியும் குப்பையும் சிக்கி மூடி திறந்தபடியே நின்றுவிட்டால் வால்வு இருந்தும் இல்லாததுதான்.

அடுத்தது சம்ப். அதன் வாய் முன்வாசல் தரையோடு தரையாக இருந்தால், தெருத் தண்ணீர் ஓரங்குலம் உள்ளே வந்தாலும் குடிநீர் முழுவதும் கெட்டுவிடும். வாயைச் சுற்றி ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டி உயர்த்தி, மூடியை ரப்பர் விளிம்போடு போட்டுவிட்டோம். வெள்ள நீர் புகுந்துவிட்டால் முழுவதையும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதிய நீர் நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கிணறு இருப்பவர்களும் இந்த அளவையே பின்பற்றலாம். மின் மீட்டர் பெட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, மோட்டார் ஸ்விட்ச் ஆகிய மூன்றும் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீரில் நின்ற காரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சாலை உயர்ந்ததன் விளைவு மழைக்காலத்தோடு முடிவதில்லை. சுவரின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் நிரப்பிய மண்ணோடு ஒட்டியிருப்பதால் ஓதம் ஏறுகிறது. எங்கள் முன்னறையில் தரையிலிருந்து இரண்டடி வரை காரை பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. மேலே எந்த விலையுயர்ந்த வர்ணத்தைப் பூசினாலும் இது நிற்காது. வெளிப்பக்கம் சுவரை ஒட்டிய மண்ணை ஓரடி அகலத்துக்கு வெட்டியெடுத்து, சுவரின் அடியில் நீர்புகாப் பூச்சு பூசி, அந்த இடைவெளியில் முக்கால் ஜல்லியை நிரப்பி, நீர் சரிந்து ஓட வழிவிட்ட பிறகுதான் உட்சுவர் காயத் தொடங்கியது. காய ஒரு கோடை முழுவதும் தேவைப்பட்டது. அதன் பிறகே புதிய காரை பூசினோம். பூச்சு வேலைக்காரர்கள் உடனே முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்துவார்கள்; சுவர் காயும்வரை பொறுப்பதுதான் செலவை மிச்சப்படுத்தும்.

வீட்டுக் காப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அதில் வெள்ளச் சேதம் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கார் காப்பீட்டை ஒருநாள்கூடத் தவறவிடாத நம் மக்கள், அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ள வீட்டை வெறுமனே விட்டுவைத்திருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலை. சென்னைப் புறநகரில் இன்று இது பரவலாகிவிட்டது. சுவரின் அடியைப் பகுதி பகுதியாக உடைத்து, வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் சிறிது சிறிதாக உயர்த்தி, இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் மூன்றடி உயர்த்திய வீடு ஒன்று நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் தூக்கித் தருகிறவரின் வாக்கை மட்டும் நம்பி இதில் இறங்கக் கூடாது. அவரோடு தொடர்பில்லாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாக அழைத்து, சுவர் தாங்கும் வீடா, தூண் வைத்த வீடா, மண் எப்படிப்பட்டது, பக்கத்து வீட்டுச் சுவரோடு எங்கேனும் ஒட்டியிருக்கிறதா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. வேலை நடக்கும்போது வீட்டில் எவரும் தங்கவும் கூடாது. உள்ளே மண்ணை நிரப்பித் தரையை உயர்த்துவது செலவு குறைந்த மாற்று என்றாலும், பத்தடிக் கூரை எட்டரை அடியாகும். கதவுகளை அறுக்க வேண்டும். மின்விசிறி தலைக்கு மேல் ஆபத்தான உயரத்துக்கு வந்துவிடும்.

என் கணவரும் நானும் இதைப் பலமுறை பேசி, இப்போதைக்குத் தூக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் மூன்றடி உயர்த்தினால் எங்களுக்கு வர வேண்டிய தண்ணீர் இருபுறமும் உள்ள தாழ்ந்த வீடுகளுக்குள் போகும். கிழக்கு முனை சரியாகாமல் தெருவில் ஒரு வீட்டுக்கும் நிரந்தரத் தீர்வு இல்லை. அந்த முனையின் ஒன்பது அங்குலத்தைக் குறைத்துவிட்டால் எங்கள் வரிசையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் அது ஒரே நேரத்தில் கிடைக்கும், அதுவும் எவருடைய சேமிப்பையும் கரைக்காமல். எங்கள் மனுவின் நகலையும் அளவுத் தாளையும் அடுத்த தெருவினர் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் தெருவும் அதே பெரிய சாலையில்தான் முடிகிறது. கொத்தனாரிடம் சொல்லி, பங்குனிக்குள் அங்கேயும் லெவல் டியூப் பிடித்துவிட ஏற்பாடு செய்திருக்கிறோம்; இரண்டு தெருக்களின் அளவுகளையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.